திரை வழியே வரும் போர்

தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் ஓடும் போர்ச் செய்திக்குப் பின்னால், ஒளிபரப்பவே முடியாத காட்சிகளை உட்கார்ந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, உண்மைதானா என்று சரிபார்ப்பது அவர் வேலை. இறந்த குழந்தையின் முகத்தை மறைக்க வேண்டுமென்றாலும், முதலில் அவர் அதைப் பார்த்தாக வேண்டும். குண்டு விழும் ஊருக்கு அவர் போனதே இல்லை.

களத்துக்குப் போகிறவர்களின் மனநிலையே வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் அந்தோணி ஃபைன்ஸ்டீன், 140 போர்ச் செய்தியாளர்களைப் போர்முனைக்குப் போகாத 107 பத்திரிகையாளர்களோடு ஒப்பிட்டு, 2002இல் முடிவுகளை வெளியிட்டார். வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சி மனநோய்க்கு ஆளானவர்கள், போர்ச் செய்தியாளர்களில் 28.6 சதவீதம். போரிட்டுத் திரும்பிய சிப்பாய்களிடம் காணப்படும் அளவு அது. ஆனால் சிகிச்சை பெறுவதில் அவர்கள் மற்றப் பத்திரிகையாளர்களைவிட முன்னால் இல்லை. அந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

பிறகு செல்போன்கள் வந்தன. சாமானியர்கள் எடுத்த வீடியோக்கள் செய்தி அறைகளில் குவிந்தன. 2014இல் வெளியான ஆய்வில் ஃபைன்ஸ்டீன் குழு, இவற்றைக் கையாளும் 116 பத்திரிகையாளர்களை ஆராய்ந்தது. ஒரே மூச்சில் நெடுநேரம் பார்ப்பதுதான் அதிகம் பாதிக்கும் என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் கண்டது வேறு. எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதைவிட, எத்தனை முறை பார்க்க நேர்ந்தது என்பதே மன உளைச்சலோடு நெருக்கமாகப் பொருந்தியது. காரணம் இப்படி இருக்கலாம்: நெடுநேரம் பார்க்கும் மனம் மெல்ல மரத்துப்போகும், விட்டுவிட்டு வரும் காட்சியோ அடங்கத் தொடங்கிய பதற்றத்தை ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கிளப்பிவிடும். ஒரே ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இதில் ஆட்டம் கண்டுவிடுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட நோயறியும் கையேடு, திரையில் கண்ட கொடுமையைப் பிடிஎஸ்டிக்குக் காரணமாகப் பொதுவாக ஏற்பதில்லை. வேலையின் பொருட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அதாவது, அலுவலகத் திரையில் ஓடும் வன்முறையும் பணியிட ஆபத்துதான் என்று மருத்துவமே ஒப்புக்கொண்டுவிட்டது.

வீட்டில் பார்ப்பவர்களும் தப்புவதில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு 4,675 பேரிடம் ஒரு கருத்தாய்வு நடந்தது. அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், வெடிப்பை நேரடியாக எதிர்கொண்டவர்களைவிடக் கடுமையான மன அழுத்தத்தைத் தெரிவித்தார்கள்.

செய்தி ஆசிரியர்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. கொடூரமான காட்சிகளை ஒருவரே நாள்தோறும் பார்க்காதபடி முறை வையுங்கள். ஒலி தேவையில்லாதபோது அதை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே எச்சரிக்கை எழுதுங்கள். முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அதைத் திறமைக் குறைவாக எண்ணாமல் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்யுங்கள்.