அடிக்கடி சலம் போவதும் தன்னியக்க நரம்பும்

இதயம் துடிப்பது, வியர்ப்பது, குடல் அசைவது, எழுந்து நிற்கும்போது குருதியமுக்கம் விழாமல் நிற்பது ஆகியவற்றை யாரும் நினைத்துச் செய்வதில்லை. தன்னியக்க நரம்புத்தொகுதி அவற்றைக் கவனித்துக்கொள்கிறது. சிறுநீர்ப்பை நிரம்புவதும் வெறுமையாவதும் பெருமளவுக்கு அதே நரம்புகளின் வேலைதான். இந்த நரம்புகள் பழுதாகும் நிலைகள் அனைத்தையும் சேர்த்து மருத்துவர்கள் டிஸ்ஓட்டனோமியா என்கிறார்கள். அது தனியொரு நோயின் பெயரன்று. நீண்டகால நீரிழிவு, பார்க்கின்சன் நோய், முண்ணாண் காயம், சில தன்னெதிர்ப்பு நோய்கள், கொவிட் போன்ற தொற்றுகளின் பின்விளைவு என்று பல வழிகளில் அது வரும். தலைசுற்று, படபடப்பு, களைப்பு என்று மருத்துவரிடம் போகும் இந்த நோயாளிகளில் பலர், மணிக்கொரு தடவை சலம் போவதைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லிலீற்றர் வரை தாங்கும். நிரம்பிவரும் வேளையில் முண்ணாணின் நெஞ்சு, இடுப்புப் பகுதிகளிலிருந்து வரும் பரிவு நரம்புகள் பையின் தசையைத் தளரவிட்டு, அதன் கழுத்தை இறுக்கிப் பிடிக்கின்றன. வெறுமையாக்கும் வேளை வந்ததும் திருவெலும்புப் பகுதியிலிருந்து வரும் பரபரிவு நரம்புகள் பையைச் சுருங்கச் செய்கின்றன. வெளி இறுக்கித் தசை ஒன்றுதான் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. பை சுருங்கும்போது இறுக்கி விரிய வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம். 1925இல் பாரிங்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அதைப் பூனைகளில் இனங்கண்டார். ‘இப்போது வேண்டாம், பொறு’ என்று அந்த மையத்தைத் தடுத்து வைப்பது மூளையின் முன்பகுதி.

இத்தனை கண்ணிகளில் எது அறுந்தாலும் நோயாளி சொல்லும் முறைப்பாடு ஒன்றாகவே இருக்கும்: அடிக்கடி வருகிறது. பை அவசரப்பட்டுச் சுருங்கினாலும் அடிக்கடி வரும். பை சுருங்கத் தெரியாமல் எப்போதும் அரைவாசி நிரம்பியே கிடந்தாலும் அடிக்கடி வரும். பையில் குறை ஏதுமின்றிச் சிறுநீரகம் கூடுதலாக நீரை இறக்கினாலும் அப்படித்தான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும்.

இலங்கையில் இந்தக் கோளாறுக்குப் பெரிய வாசல் நீரிழிவு. 2008இல் வெளியான தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நகர்ப்புறத்தில் அது 16.4 சதவீதம், கிராமத்தில் 8.7. வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்கள் எந்தப் பக்கத்தில் நிற்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. ‘சீனி வருத்தம்’ வந்தவர்கள் தொடக்கத்தில் அடிக்கடி சலம் போவது குருதியில் ஏறிய குளுக்கோசு நீரை இழுத்துக்கொண்டு வெளியேறுவதால். சீனி கட்டுப்பட்டால் அது குறையும். ஆண்டுகள் பல சென்றபின் வருவது வேறு கதை. நரம்பு மரத்துப்போகிறது. பை நிரம்பியதே தெரிவதில்லை. காலையில் போனவர் மத்தியானம் வரைக்கும் போகாமல் இருப்பார், அதை நல்ல அறிகுறி என்றும் நினைப்பார். பை மெல்ல மெல்லப் பெருத்துச் சுருங்கும் வலுவை இழக்கிறது. தேங்கி நிற்கும் சலத்தில் கிருமி வளர்கிறது. கடைசியில் ததும்பி, சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சீனியைச் சலத்தின் வழியே வெளியேற்றுபவை என்பதால் அவையும் போக்கைக் கூட்டும். ஆகவே மாத்திரை மாறிய திகதியையும் கிளினிக் கொப்பியில் பார்க்க வேண்டும்.

இளவயதினரில், அதிலும் பெண்களில், அதிகம் காணப்படுவது போட்ஸ் எனப்படும் நிலை. 1993இல் இப்பெயர் பெற்ற இந்த நிலையில், எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் குருதியமுக்கம் விழாமலே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் ஏறிவிடும். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயதினருக்கு எல்லை 40. இவர்களில் பலருக்கு உடலில் குருதியின் கனவளவே குறைவு. அதனால் நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் நீரும் வழமையைவிடக் கூடிய உப்பும் எடுக்கச் சொல்கிறார்கள். குடித்தது வெளியே வரத்தானே வேண்டும்? சிகிச்சையே போக்கைக் கூட்டுகிறது. அதில் ஒரு பகுதி நோயே அல்ல.

பார்க்கின்சன் நோயில் பை பொதுவாக அவசரக்காரப் பையாகிறது. அதைப் போலவே தோன்றி அதைவிட வேகமாக முற்றும் பல்தொகுதி நலிவு என்ற நோயில், நடை தடுமாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சலக் கோளாறு தொடங்கிவிடுவதுண்டு. அறுபதை நெருங்கிய ஆணுக்குச் சலம் தடைப்பட்டால் புரொஸ்டேட் என்றே எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எழுந்தால் தலைசுற்றும், மலச்சிக்கலும், ஆண்மைக் குறைவும், தூக்கத்தில் கைகால் வீசிக் கத்துவதும் கூடவே இருந்தால், கத்தி வைப்பதற்கு முன் நரம்பியல் நிபுணர் ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்த நோயாளிகளுக்குப் புரொஸ்டேட் சத்திரசிகிச்சை பலன் தராதது மட்டுமல்ல, கசிவை மோசமாக்கவும் கூடும்.

எந்தக் காரணமாக இருந்தாலும் வீட்டில் எடுக்கப்படும் முதல் நடவடிக்கை ஒன்றே: தண்ணீரைக் குறைப்பது. வத்தளையிலிருந்து புறக்கோட்டைக்கு 240 பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது நியாயமாகவே படும். பேலியகொடையில் வாகனங்கள் நின்றுவிட்டால் இறங்கிப் போக ஓரிடம் கிடையாது; பொது மலசலகூடம் இருந்தாலும் அதற்குள் போக மனம் வராது. காலைத் தேநீரையும் விட்டுவிட்டு ஏறுகிறவர்கள் ஏராளம். சாதாரண உடம்பு இதை ஓரளவு பொறுக்கும். தன்னியக்க நரம்பு பழுதான உடம்பு பொறுக்காது. குருதியின் கனவளவு இன்னும் சுருங்கி, பஸ்ஸில் நிற்கையிலேயே கண் இருட்டும். கூடவே சலம் செறிவாகிப் பையின் உட்சுவரை உறுத்த, குறைய வேண்டிய அவசரம் கூடுகிறது. இந்த நோயில் நீரின் அளவைக் குறைப்பதைவிட அதைக் குடிக்கும் நேரத்தை மாற்றுவதே பயன் தரும்.

படுக்கையை விட்டு எழுவதற்கு முன் இரண்டு கிளாஸ் தண்ணீரை, அதாவது அரை லீற்றர் அளவை, ஒரே மூச்சில் குடித்தால் தன்னியக்க நரம்பு தளர்ந்தவர்களின் குருதியமுக்கம் சில நிமிடங்களில் ஏறத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நிற்கும். அந்த நீர் வெளியேறிய பிறகு பயணம் புறப்படலாம். நாளின் பெரும்பங்கு நீர் பின்னேரம் ஐந்து ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். இராச்சாப்பாட்டுக்குப் பின் பிளேன்டி, கோப்பி வேண்டாம். கஃபீன் சலத்தையும் கூட்டும், பையையும் தூண்டும். சலத்தைக் கூட்டும் என்று பெயர் பெற்ற பொல்பலக் கசாயத்தை உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் குடிப்பது, நின்றால் குருதியமுக்கம் விழுகிறவருக்கு ஏற்றதன்று. வெயிலில் வியர்த்து வாடிய நாளில் ஜீவனிப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் குடிப்பது வெறும் நீரைவிட உடம்பில் தங்கும். சிறுநீரக நோய், இதய நோய், உயர் குருதியமுக்கம் உள்ளவர்கள் உப்பு விடயத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

என்ன நடக்கிறது என்று அறிய விலையுயர்ந்த சோதனை முதலில் தேவையில்லை. அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் ஒரு கொப்பியும் போதும். மூன்று நாட்களுக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, அவசரமா, கசிந்ததா என்று எழுதிவர வேண்டும். ஒவ்வொரு தடவையும் 300, 400 மில்லிலீற்றர் போனால் பை நன்றாகவே இருக்கிறது, உற்பத்திதான் அதிகம். 24 மணித்தியாலத்தில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அது உண்மையான மிகைச்சலம். தடவைக்கு 80, 100 என்று போனால் பை அவசரப்படுகிறது, இல்லையேல் பாதியைத் தேக்கி வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரிப்பதற்குச் சலம் போன கையோடு எடுக்கும் ஸ்கேன் போதும். மிச்சம் எவ்வளவு என்று அது காட்டிவிடும். அதற்கு முன் கிருமித் தொற்று இல்லை என்று சலப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். இந்த மூன்று நாள் கொப்பியோடு வரும் நோயாளி, கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் மற்றவர்களைவிட அதிகம் பெற்றுக்கொண்டு போகிறார்.

கொப்பியில் பகலைவிட இரவு கனத்திருந்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. நின்றால் குருதியமுக்கம் விழும் பலருக்குப் படுத்தால் அது எல்லை தாண்டி ஏறுகிறது. பகல் முழுதும் காலில் தேங்கிய நீரும் படுத்ததும் மேலேறுகிறது. கூடுதல் அமுக்கத்தில் சிறுநீரகம் உப்பையும் நீரையும் இரவெல்லாம் இறக்கிவிட, விடியும்போது குருதி வற்றி, நாளிலேயே மிக மோசமான தலைசுற்றோடு எழ வேண்டியிருக்கிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி முதல் முக்காலடி வரை உயர்த்துவது இதற்கு எளிய மருந்து. தலையணை அடுக்கினால் கழுத்துத்தான் மடியும். முழு உடம்பும் சரிவில் இருக்க வேண்டும். பின்னேரத்தில் ஒரு மணிநேரம் சாய்ந்திருந்து காலைத் தூக்கி வைத்தால், காலில் தேங்கிய நீர் படுக்கைக்கு முன்னரே வெளியேறிவிடும். பகலில் இறுக்கமான காலுறை அணிவதும் தேக்கத்தைக் குறைக்கும். டெஸ்மோபிரெசின் என்ற மருந்து இரவுச் சலத்தைக் குறைக்கிறது என்றாலும் குருதியில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கக் கூடும். வயதானவர்களுக்கு இரத்தப் பரிசோதனையின்றி அதைத் தொடரக் கூடாது.

நள்ளிரவில் எழுந்து போகும் அந்தப் பத்தடிதான் இந்நோயாளிகளின் இடுப்பெலும்பை முறிக்கிறது. கண் விழித்ததும் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் கால் தொங்க இருந்து, கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்திவிட்டு எழ வேண்டும். ஆண்களும் இருந்தபடியே சலம் போவது நல்லது; நின்றபடி போகையில் மயங்கி விழுவது நன்கு அறியப்பட்ட ஒன்று. குந்தியிருந்து சட்டென எழும்போது அமுக்கம் திடீரென விழும் என்பதால், பழைய குந்து மலசலகூடம் உள்ள வீடுகளில் கொமட் கதிரை ஒன்று வாங்கினால் செலவுக்கு மேல் பலன் தரும். கட்டிலருகே ஒரு சலப்போத்தல் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரப் பைக்குப் பயிற்சி உதவும். உந்தல் வந்ததும் ஓடாமல் இருந்த இடத்திலேயே இருந்து, இடுப்படித் தசையைச் சில தடவை இறுக்கினால் அலை தணியும், தணிந்தபின் போகலாம். ஒரு மணிக்கொருதரம் போகிறவர் இடைவெளியைக் கால் மணியாகக் கூட்டிக்கொண்டே வந்து மூன்று மணிநேரத்தை எட்டலாம். மரத்த பைக்கு நேர்மாறான ஒழுங்கு வேண்டும். உணர்வுக்குக் காத்திராமல் மூன்று நான்கு மணிக்கொருதரம் மணிக்கூட்டைப் பார்த்துப் போக வேண்டும், முடித்தபின் சில நிமிடம் பொறுத்து முன்னால் சாய்ந்து மறுபடியும் முயல வேண்டும். அடிவயிற்றைக் கையால் அமுக்கிச் சலத்தை வெளியேற்றும் பழக்கம் சிறுநீரகத்துக்கே திருப்பி அனுப்பக் கூடும் என்பதால் அதை விட்டுவிடுவது நல்லது. மலச்சிக்கலைத் தீர்க்காமல் இவை எதுவும் முழுப் பலன் தராது.

மருந்துகளில்தான் சிக்கல் அதிகம். அவசரத்தைத் தணிக்கும் ஒக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சொலிஃபெனசின் போன்றவை நாவை உலர்த்தி, மலத்தை இறுக்கி, நாடித்துடிப்பை ஏற்றும். முதியவர்களின் நினைவையும் குழப்பும். மிராபெக்ரன் அப்படிச் செய்வதில்லை, ஆனால் குருதியமுக்கத்தைச் சற்று உயர்த்தும். படுத்தால் அமுக்கம் ஏறுகிறவருக்கு இது கவனத்துக்குரியது. புரொஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் நின்றவரை விழுத்தும். விழாமல் நிறுத்தக் கொடுக்கும் மிடோட்ரின் பைக் கழுத்தை இறுக்கிச் சலத்தைத் தடுக்கும். இதயத்துக்கு ஒருவரையும் சலத்துக்கு ஒருவரையும் தனித்தனியே சனல் பண்ணிப் பார்ப்பவர்கள், இருவரின் துண்டுகளையும் ஒன்றாகக் காட்டாவிட்டால் ஒரு மருந்து மற்றதோடு மல்லுக்கட்டும்.

காய்ச்சலும் குளிர் நடுக்கமும், சலத்தில் இரத்தம், வயிறு ஊதிச் சலம் அறவே வராமை, தொடையிடுக்கு மரத்துக் கால் வலுவிழத்தல் ஆகியவை கிளினிக் நாள்வரை பொறுக்கத் தகாதவை. வத்தளைப் பக்கத்தவர்களுக்கு ராகம போதனா வைத்தியசாலை அருகில். கொழும்புக்குள் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை. நெஞ்சின் ஆறாம் முள்ளந்தண்டு மட்டத்துக்கு மேல் முண்ணாண் காயமடைந்தவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பை நிரம்பினாலே குருதியமுக்கம் தறிகெட்டு ஏறும். திடீர்த் தலைவலியும் முகச்சிவப்பும் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்த்தி இருத்திச் சலத்தை வெளியேற்ற வேண்டும், சலக் குழாய் போட்டிருந்தால் அது மடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முண்ணாண் காயப்பட்டோருக்கான மறுவாழ்வு வைத்தியசாலையும் ராகமவில்தான் இருக்கிறது.

பையில் ஒவ்வொரு தடவையும் 100 மில்லிலீற்றருக்கு மேல் மிஞ்சத் தொடங்கினால், தானே குழாய் செலுத்திச் சலம் எடுக்கும் முறையை மருத்துவர் சொல்லலாம். நிரந்தரக் குழாயையும் சலம் சேரும் பிளாஸ்டிக் பையையும் சுமப்பதைவிட இது நோயாளிக்கு விடுதலை. கேட்டதும் வரும் அச்சம் ஓரிரு வாரத்தில் போய்விடுவதே வழமை. நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் 400, 500 மில்லிலீற்றரைத் தாண்டாதபடி எடுக்க வேண்டும். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லபீடஸ் இதை அறிவித்தபோது, கிருமி நீக்கிய கையுறை இல்லாமல் குழாயா என்று மருத்துவ உலகம் முகம் சுளித்தது. சவர்க்காரத்தால் கழுவிய கையே போதும் என்றார் அவர்: அளவுக்கு மீறி விரிந்த பையின் சுவருக்குக் குருதியோட்டம் குறைவதால்தான் கிருமி பிடிக்கிறது, நேரத்துக்கு வெறுமையாகும் பை தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். இன்றும் அந்த முறையே நடைமுறையில் இருக்கிறது.