ரெண்டு நிமிஷம்... நாலு தந்தி!

நண்பருக்கு ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் வேலை. ராத்திரியானால் பேஸ் கிடார். சென்னை இசைக்குழு ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். தனியாக ரெண்டே நிமிஷம் வாசிக்கணும். வீட்டில் திட்டு. எனவே, ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பு! 1988-ல் சாம்பல் நிற அணிலுக்கென்றே சரணாலயமான காடு. ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேஸ்... ஒரு அணில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை!

விரல் வித்தையெல்லாம் காட்டி, செல்போனில் பதிந்து கேட்டார். "ஐயையோ, தாளத்தை விட்டு ஓடுறேனே!"

விஷயமே அதுதான். பேஸின் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிரும். அவசரப்பட்டால் கொழகொழ! இளையராஜா பாட்டில் பேஸை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள், அதுவே தனி மெட்டு. அப்படி ஒன்றை மெதுவாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் வித்தை காட்டி, ஆரம்பித்த இடத்திலேயே முடிக்கச் சொன்னேன். இவரை நம்பி மற்றவர்கள் வாசிக்கலாமா? தேர்வு செய்பவர் கவனிப்பது அதைத்தான்.

"கிடைக்கலேன்னா?"

"திங்கட்கிழமை மில் இருக்கே!"

அவர் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார், மெதுவாக.