கோழிக்குஞ்சின் மூன்று சிறுநீரகங்கள்

கோழி எச்சத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்குமே, அதுதான் அதன் சிறுநீர்! யூரிக் அமிலம். நீரில் எளிதில் கரையாது; ஓட்டுக்குள் அடைபட்ட கருவுக்கு அதுவே பாதுகாப்பு.

முட்டைக்குள் இருக்கும் 21 நாட்களில் மூன்று சிறுநீரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. முதலாவது பேருக்குத்தான். இரண்டாவது கொஞ்ச நாள் உழைத்துவிட்டுத் தேய்கிறது. மூன்றாவதே நிலைக்கிறது. அதில் சில செல்கள் ரத்தக்குழாய் முடிச்சைச் சுற்றி, பாதம் போன்ற நீட்சிகளைப் பின்னிக்கொண்டு சல்லடையாகின்றன. போடோசைட் என்று பெயர். நாம் 'கால் செல்' என்போமே! முதிர்ந்தபின் இவை பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை. போனால் போனதுதான்.

நிறைமாதக் குழந்தைக்கு வடிகட்டிகள் எல்லாம் பிறக்குமுன்பே அமைந்துவிடும். கோழிக்குஞ்சுக்கோ பொரித்த பிறகும் சில வாரங்கள் இந்த வேலை நடக்கிறது. அப்போது போய் முட்டைக்கோழித் தீவனத்தைப் போட்டால் வந்தது வினை. அதில் கால்சியம் சுமார் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் இதயத்தின்மேலும் ஈரலின்மேலும் வெண்பொடியாகப் படிந்துவிடும். இதைத்தான் 'கவுட்' என்கிறார்கள். தண்ணீர் போதாவிட்டாலும் இதே கதிதான். முட்டைத் தீவனத்தை, முதல் முட்டை நெருங்கும் சமயத்தில் மாற்றிக்கொள்ளலாம்.