பழையதை உடைக்காமல் புதியதைச் சேர்ப்பது எப்படி?

நாம் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் பல வீட்டு ரவுட்டர்களுக்கும் அடித்தளமாக இருப்பது லினக்ஸ் கர்னல். செயலிகளுக்கும் கருவியின் பாகங்களுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள் இது. இன்டர்நெட் இணைப்பு வேண்டுமென்றால் எந்தச் செயலியும் இதனிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, பதில் எந்த வடிவில் வரும் என்பது இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம்.

1991-ல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் மிகவும் கண்டிப்பானவர். கர்னலை மாற்றியதால் நேற்று வரை ஓடிய நிரல் இன்று நின்றுபோனால், அது கர்னலின் தவறு என்பதே அவரது நிலைப்பாடு.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணினியின் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் ஒரு பெயர் உண்டு. அதற்கு ஒதுக்கிய இடம் 16 பைட். முடிவுக் குறிக்கு ஒன்று போக, மீதி 15 ஆங்கில எழுத்துகள். ஒன்றிரண்டு இணைப்புகள் இருந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் வந்தபோது போதவில்லை.

இடத்தைப் பெரிதாக்கிவிட வேண்டியதுதானே என்று நாம் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். முதல் 16 கட்டங்களில் பெயர், 17-வது கட்டத்திலிருந்து மற்ற விவரம் என்று நம்பியே பழைய நிரல்கள் எழுதப்பட்டுள்ளன. பெயர் நீண்டால், அதன் மிச்சத்தையே அடுத்த விவரம் என்று அவை தவறாகப் படித்துவிடும். அத்தகைய நிரல் ஒரு மருத்துவமனைக் கருவியிலோ தொழிற்சாலையிலோ ஓடிக்கொண்டிருக்கலாம். எழுதியவர் வேலையை விட்டே போயிருக்கலாம். அதைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5 இதற்கு வழி கண்டது. பழைய பெயரும் அதன் அளவும் அப்படியே இருக்கும். கூடவே நீளமான மாற்றுப் பெயர்களையும் வைத்துக்கொள்ளலாம். இவை 'நெட்லிங்க்' என்னும் வேறொரு வழியில் செல்கின்றன. அதில் ஒவ்வொரு தகவலும் தன் வகையையும் நீளத்தையும் சொல்லிக்கொண்டே வரும். தனக்குத் தெரியாத வகையைப் பழைய நிரல் தாண்டிப் போய்விடலாம்.

இதற்கு விலை உண்டு. பழைய வழி, புதிய வழி இரண்டையும் கர்னல் உருவாக்குபவர்கள் பராமரிக்க வேண்டும். ஆனால் அந்தச் சுமையை மாற்றம் செய்பவர் சுமப்பதே நியாயம். நம்பிப் பயன்படுத்துபவர் அல்ல. கணினித் துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.