ஜீப்புக்குப் பெரிய டயர் அவசியமா?

சென்னீர்குப்பம் வட்டாரத்தில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஜீப் ஓட்டும் அங்கத்தினர்களில், மழைக்காலச் சேற்றை உத்தேசித்துப் பெரிய டயரும், சக்கரத்தை வெளியே தள்ளும் ‘ஸ்பேசர்’ வளையமும் பூட்ட விரும்புவோர் உளர். இதன் லாப நஷ்டங்களை முன்னரே அறிதல் நலம்.

245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். 265/75 ஆர்16 டயருக்கு 804. வித்தியாசம் 30 ஆயினும், வண்டியின் அடிப்பாகம் உயர்வது அதிற் பாதியாகிய 15 மில்லிமீட்டரே. வேகமானி 60 காட்டுகையில் வண்டி 62-க்கு மேல் ஓடும். சக்கரத்தின் கனம் கூடுவதால் எரிபொருட் செலவும் பிரேக் தேய்மானமும் மிகும்.

அகன்ற டயர் உட்புறம் உரசாதிருக்கவே ஸ்பேசர். ஏற்றமரத்தில் அச்சுக்கு அப்பால் செல்லச் செல்லப் பாரம் மிகுவதுபோல, சக்கரம் வெளியே நகர நகரப் பேரிங்கும் போல்ட்டும் அதிகச் சுமை தாங்க நேரும். நட்டுகள் தளர்ந்தால் சக்கரமே கழன்று உயிருக்கு ஆபத்தாகும்.

மேலும், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆட்சேபிக்கவும் இடமுண்டு.

ஆகையால், தயாரிப்பாளர் அனுமதித்த அளவிலேயே, சேற்றுக்கேற்ற ஆழ்ந்த வெட்டுகளுள்ள டயரை வாங்குவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.