குளிருக்கு எந்த இனிப்பு வாசம்?

கொழும்புக் கடையில் மணிக்கட்டில் அடித்துப் பார்த்து வாங்கிய செண்ட், டயகமவுக்கு வந்ததும் வேறொன்றாகிவிடும். காரணம் குளிர். ஆவியாகி மூக்கை எட்டினால்தான் எந்த வாசனையும் தெரியும்; ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்து ஜனவரிக் குளிரில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது.

வனிலா, கரமல், சொக்லேட் என்று தின்பண்ட மணம் வீசும் செண்டுகளுக்கு இந்தக் குளிர்தான் தோது. வனிலின் போன்ற சேர்மங்கள் இயல்பிலேயே மெதுவாக ஆவியாகுபவை. வெயிலில் மொத்தமாகக் கிளம்பித் திகட்டவைக்கும் இனிப்பு, குளிரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது.

இவ்வகையில் பேர்பெற்ற இரண்டை ஒப்பிடலாம். 1925இல் பாரிஸ் கண்காட்சியில் வெளியான 'ஷாலிமார்', ழாக் கெர்லேன் உருவாக்கியது. முகலாயர் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய அதன் உயிர் எத்தில் வனிலின். சாதாரண வனிலினைவிடச் சில மடங்கு வீரியமான செயற்கைச் சேர்மம். முதலில் எலுமிச்சை இனத்துப் பழமான பெர்கமொட் மணக்கும். அது அடங்கியபிறகு புகை தோய்ந்த வனிலா மேலே வரும். குளிரில் அதற்கு நேரமெடுக்கும், காத்திருக்க வேண்டும்.

1992இல் வந்த தியெரி மூக்ளேரின் 'ஏஞ்சல்' காத்திருக்க விடாது. அதை உருவாக்கிய ஒலிவியே கிரெஸ்ப் அதில் தாராளமாகச் சேர்த்த எத்தில் மால்டோல், பஞ்சுமிட்டாய் மணம் கொண்டது; இயற்கையில் கிடைக்காதது. அந்த இனிப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துவது பச்சோலி இலைத் தைலத்தின் மண்வாசம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் காத்ததும் இதே இலைதான்.

திறந்த மலைக்காற்றில் ஏஞ்சலே எடுபடும். ஆனால் மழைக்குக் கண்ணாடிகளை மூடிவிட்டு, அக்கரப்பத்தனை வழியாகத் தலவாக்கலைக்குப் போகும் நெரிசலான பஸ்ஸில் அது பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து மணக்கும். அன்றாடப் பாவனைக்கு ஷாலிமாரே பொருத்தம்.

எதை வாங்கினாலும் சுவெட்டருக்கு உள்ளே, நெஞ்சில் ஒருதரம் அடித்தால் போதும். உடற்சூடு வாசத்தை மெல்ல எழுப்பும். கம்பளியில் பட்டால் நாட்கணக்கில் போகாது. நாளைக்கு வேறு வாசம் வேண்டுபவர் கம்பளியில் படுவதைத் தவிர்க்கலாம்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். உலர்ந்த தேயிலை அயல்வாசத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்களும், தேநீரின் மணத்தை மறைத்துவிடும் என்பதால், வேலை நேரத்தில் செண்ட் பூசுவதைத் தவிர்ப்பார்கள்.