சூட்டில் குழையும் கண்ணாடி

சென்னை வேளச்சேரியில் வீட்டின் ஓர் அறையிலே சிறிய மின்சூளை வைத்துக் கண்ணாடிக் கலை பயிலத் தொடங்கும் நேயர், ஒரே விகிதத்தில் விரிந்து சுருங்கும் வண்ணச் சில்லுகளை அடுக்கி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் ஒரே தகடாக உருக்கி, அது ஆறியபின் பீங்கான் அச்சின்மீது வைத்து, 650 டிகிரியை ஒட்டிய சூட்டில் தன் பாரத்தாலேயே கிண்ணமாகக் குழையச் செய்யலாம். எனினும் ஆவலால் சூளையை முன்கூட்டியே திறந்துவிடலாகாது. அவசரமாகக் குளிர்ந்த கண்ணாடி, மறுநாள் மேஜைமேல் சும்மா கிடக்கையிலேயே படீரென்று பிளந்துபோகக்கூடும். இக்கலையில் உருக்குவதைவிட ஆறவிடுவதே அரிய வித்தை.

அச்சின்மேல் குழையவைக்கும் இந்த உத்தி பழமையானதாகவே தோன்றுகிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, மணிகளுக்குப் பெயர்பெற்ற, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலே, விலா எலும்புகளைப் போன்ற மேடுகள் கொண்ட ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் அகப்பட்டுள்ளன. அவ்வகைக் கிண்ணங்களும் சூடேறிய வட்டத் தகட்டை அச்சின்மேல் தொய்யவைத்தே ஆக்கப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.